கதவைத் தட்டிய ரத்த அழுத்தக் கருவி

உங்கள் வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே மெல்ல வைத்துப் பாருங்கள். சில விநாடிகளில் ஒரு துடிப்பு தென்படும். நிமிடத்துக்கு 70 முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் உங்கள் இதயம் 1 லட்சத்து 800 முறை துடிக்கிறது. தூங்கும்போதும் தேர்வு எழுதும்போதும் அது ஓய்வதில்லை.

துடிப்பை உங்களால் உணர முடிந்தது. ஆனால், அந்தத் துடிப்பு ரத்தக் குழாய்களின் சுவரை எவ்வளவு அழுத்தத்துடன் தாக்குகிறது என்பதை உணர முடிந்ததா? முடியாது. உங்களால் மட்டுமல்ல, பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவராலும் வெறும் விரலால் அதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அழுத்தம் அளவுக்கு மீறி ஏறினாலும் பெரும்பாலோருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தலைசுற்றல்கூட இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளக்க ஒரு கருவி வேண்டும். கருவியைக் கையாளத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் எங்கே இருக்கிறார்? உங்கள் வீட்டிலிருந்து பலதுறை மருந்தகம் சில பேருந்து நிறுத்தங்கள் தள்ளி இருக்கலாம். பங்ளாதே‌ஷிலோ பாகிஸ்தானிலோ ஒரு கிராமத்தில் வாழும் விவசாயிக்கு அவர் ஒரு நாள் கூலி தூரத்தில் இருக்கிறார். அந்தத் தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கான விடைகளில் ஒன்றைக் கண்டறிந்த ஆய்வு, நம் சிங்கப்பூரிலிருந்து வழிநடத்தப்பட்டது என்பது கூடுதல் செய்தி.

அதிபரையும் விடவில்லை

முதலில் கொஞ்சம் வரலாறு. 1896ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, மேற்கையைச் சுற்றிக் கட்டும் ஒரு ரப்பர் பட்டையை உருவாக்கினார். அதற்கு அவர் பயன்படுத்தியது சைக்கிள் சக்கரத்தின் உள்குழாய். பட்டையில் காற்றை நிரப்பினால், கையில் ஓடும் ரத்தம் ஒரு கட்டத்தில் நின்றுபோகும். மணிக்கட்டில் துடிப்பு மறையும். காற்றை மெதுவாக வெளியேற்றும்போது எந்த அழுத்தத்தில் துடிப்பு திரும்புகிறதோ, அதுவே இதயம் சுருங்கும்போது ஏற்படும் அழுத்தம். அதைப் பாதரசக் குழாயில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார்.

1905ஆம் ஆண்டில் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்காஃப், ஸ்டெதஸ்கோப்பை முழங்கையின் உட்புறம் வைத்து அந்த ஓசைகளைக் கேட்டார். ஓசை தொடங்கும் இடம் மேல் எண். ஓசை மறையும் இடம், இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள கீழ் எண். ‘120க்கு 80’ என்று நாம் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். பெரியவர்களிடம் பல முறை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் ரத்த அழுத்தம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது.

அளக்கத் தெரிந்துவிட்டது. ஆனால், குறைக்கத் தெரியவில்லை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டின் ரத்த அழுத்தம் 1941ஆம் ஆண்டில் 188க்கு 105. உலகின் ஆகச் சிறந்த மருத்துவர்களை அழைக்கக்கூடிய மனிதர் அவர். ஆனாலும் பாதுகாப்பாக அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை எதுவும் அப்போது இல்லை. ஓய்வெடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்பதற்கு மேல் அதிகம் செய்ய முடியவில்லை. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, கடுமையான தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்தபோது 300க்கு 190. மூளையில் ரத்தக் கசிவு. அன்றே இறந்துபோனார். அவருக்கு வயது 63.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948ல், அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைப் பல்லாண்டு காலம் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. உயர் ரத்த அழுத்தம், புகைபிடித்தல், அதிகக் கொழுப்பு ஆகியவை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கின்றன என்பது அதில் தெளிவானது. 1958ல் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு பல மருந்துகளும் வந்தன. இன்று அவற்றில் பல காப்புரிமைக் காலம் முடிந்தவை. எந்த நிறுவனமும் தயாரிக்கலாம். அதனால் விலையும் மிகக் குறைவு.

சிந்தித்துப் பாருங்கள். ஓர் அமெரிக்க அதிபருக்குக் கிடைக்காத மருந்து இன்று மலிவாக இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை பேர் பக்கவாதத்தால் விழுகிறார்கள்?

‘பணக்கார நோய்’ என்ற கட்டுக்கதை

மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. அதனால் அவற்றுக்குத் ‘தொற்றா நோய்கள்’ என்று பெயர். நன்றாகச் சாப்பிட்டு, உடல் அலுங்காமல் வாழ்பவர்களுக்கு வரும் ‘பணக்கார நோய்’ என்று அவற்றைச் சொல்வது நம் வீடுகளில் இன்றும் உண்டு.

எண்கள் வேறு கதை சொல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4 கோடியே 30 லட்சம் பேர். அவர்களில் 73 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 70 வயதுக்கு முன்பே இறந்தவர்கள் 1 கோடியே 80 லட்சம். இந்த அகால மரணங்களில் 82 விழுக்காடு அதே நாடுகளில்தான் நிகழ்ந்தன.

ஏன் இப்படி? தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் குழந்தை மரணங்களைக் குறைத்தன. மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். அது நல்ல செய்தி. ஆனால் அதே வேளையில் சிகரெட், பொட்டலத் தின்பண்டங்கள், சர்க்கரை பானங்கள் ஆகியவை சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டன. விறகடுப்பின் புகை வீட்டுக்குள்ளேயே நுரையீரலைக் கெடுக்கிறது. நகரங்களின் காற்றும் மாசடைந்திருக்கிறது. இவ்வளவும் நடந்த வேகத்தில் மருத்துவ வசதி வளரவில்லை.

ஏழைக் குடும்பத்தில் இந்த நோய் விளைவிக்கும் சேதமும் பெரிது. சம்பாதிக்கும் ஒருவர் 50 வயதில் பக்கவாதத்தால் படுத்துவிட்டால், அவருடைய வருமானம் நிற்கும். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும். மருத்துவச் செலவுக்கு நிலம் விற்கப்படும். உங்கள் வயதிலிருக்கும் மகனோ மகளோ பள்ளிப் படிப்பை நிறுத்த நேரிடும். நம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் பங்ளாதே‌ஷ், தமிழக ஊழியர்கள் பலர் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணத்தில் பெற்றோரின் மருந்துச் செலவும் அடங்கியிருக்கும்.

அதனால்தான் ஐக்கிய நாட்டு நிறுவனம் தன் நீடித்த நிலைத்தன்மை இலக்குகளில் இதையும் சேர்த்தது: தொற்றா நோய்களால் ஏற்படும் அகால மரணங்களை 2030ஆம் ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும்.

மருந்து இருந்தும் கட்டுப்படாதது ஏன்?

உலகில் 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அழுத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஐவரில் ஒருவர் மட்டுமே.

ஒரு கிராமத்துப் பாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு 58 வயது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே மருத்துவரிடம் போகக் காரணமும் இல்லை. ஒரு நாள் காய்ச்சலுக்காகப் போனபோது யாரோ அளந்து, “பிரஷர் இருக்கிறது” என்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மாத்திரை தருகிறார்கள். அது தீர்ந்ததும் மீண்டும் போக வேண்டும். பேருந்துச் செலவு உண்டு. அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். சிரமப்பட்டுப் போனால், “மருந்து இருப்பு இல்லை” என்ற பதில் வரலாம். இவ்வளவுக்கும் மாத்திரையை நிறுத்தியதால் அவர் உடம்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நீங்கள் அவராக இருந்தால் அடுத்த மாதம் போவீர்களா?

பல ஏழை நாடுகளின் மருத்துவமனைகள், வந்த நோயைக் குணப்படுத்தி அனுப்புவதற்காக உருவாக்கப்பட்டவை. மலேரியா வந்தால் மருந்து, பிரசவம் என்றால் தாதி. வேலை முடிந்ததும் தொடர்பும் முடிந்தது. உயர் ரத்த அழுத்தமோ வாழ்நாள் முழுவதும் கூடவே வருவது. குணமாகாது, ஆனால் கட்டுப்படும். அதற்கு மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் அறாத தொடர்பு வேண்டும்.

கராச்சியில் எழுந்த கேள்வி

பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஆகா கான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் தஸீன் ஜஃபார் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பி, உணவு, உடற்பயிற்சி, மருந்து பற்றிக் குடும்பத்தினரிடம் பேச வைப்பது. மற்றொன்று, அந்தப் பகுதியின் மருத்துவர்களுக்குப் புதிய பயிற்சி அளிப்பது. எது பலன் தரும்?

அவரது குழு கராச்சியில் 12 குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து நான்கு வகையாகப் பிரித்தது. சில பகுதிகளில் வீட்டு வருகை மட்டும். சிலவற்றில் மருத்துவர் பயிற்சி மட்டும். சிலவற்றில் இரண்டும். சிலவற்றில் எதுவுமில்லை. 2009ல் முடிவு வெளிவந்தது. இரண்டும் சேர்ந்து நடந்த இடங்களில் மேல் எண் 10.8 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மற்ற மூன்று வகைகளிலும் 5.8 மட்டுமே குறைந்திருந்தது.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். வீட்டு வருகை மட்டும் நடந்த இடமும், எதுவுமே செய்யாத இடமும் ஒரே நிலைதான். வீட்டுக்கு வருபவர், “மருத்துவரைப் பாருங்கள்” என்று அனுப்பலாம். ஆனால் அங்கே மருத்துவர் சரியான மருந்து எழுதாவிட்டால் பயனில்லை. மருத்துவர் சரியாக எழுதலாம். ஆனால் மாத்திரையை விழுங்க வீட்டில் யாரும் நினைவூட்டாவிட்டாலும் பயனில்லை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நம் பெரியவர்கள் சொல்வது இங்கே எண்களில் தெரிகிறது.

மூன்று நாடுகள், 30 ஊர்கள்

ஒரு நகரத்தில் வேலை செய்தது பல நாட்டுக் கிராமங்களிலும் வேலை செய்யுமா? ஊட்ரமில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்கு வந்த பின்னர், பேராசிரியர் ஜஃபார் தலைமையில் ‘கோப்ரா-பிபிஎஸ்’ என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் பங்ளாதே‌ஷ், பாகிஸ்தான், ஸ்ரீலங்கா ஆகிய நாடுகளைக் குறிப்பவை.

நாட்டுக்கு 10 என மொத்தம் 30 கிராமப்புறச் சமூகங்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ள, 40 வயதைத் தாண்டிய 2,645 பேர். 15 சமூகங்களில் புதிய ஏற்பாடு. மற்ற 15ல் வழக்கமான சிகிச்சை. எந்த ஊருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஏன் ஒரே ஊரில் பாதிப் பேருக்கு மட்டும் புதிய சிகிச்சை தராமல், ஊர் ஊராகப் பிரித்தார்கள்? ஒரு வீட்டில் சுகாதாரப் பணியாளர் சொல்லும் அறிவுரை அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? கிணற்றடியில் பேச்சு பரவும். பிறகு ஒப்பீடு குழம்பிவிடும். ஆகவே, ஊர் முழுவதையும் ஓர் அலகாக எடுத்துக்கொண்டார்கள்.

புதிய ஏற்பாடு என்றவுடன் பளபளக்கும் இயந்திரங்களை எண்ண வேண்டாம். அந்த நாடுகளில் தாய்சேய் நலத்துக்காக வீடுவீடாகச் செல்லும் அரசாங்கச் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். பாகிஸ்தானில் 1994ல் தொடங்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர் திட்டம் அப்படிப்பட்டது. அவர்கள் கையில் தானியங்கி ரத்த அழுத்தக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பயன்படுத்தவும் அளவைப் பதிவு செய்யவும் நோயாளியிடமும் குடும்பத்தினரிடமும் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டு வருகை. அளவு மிக அதிகமாக இருந்தால் அரசாங்க மருந்தகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மருத்துவர்களுக்கும் பயிற்சி. கராச்சியில் கற்ற பாடத்தின்படி, வீடும் மருந்தகமும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டன.

இரண்டு ஆண்டுகள் கழித்து அளந்தார்கள். புதிய ஏற்பாடு நடந்த ஊர்களில் மேல் எண் சராசரியாக 9 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஆனால், காத்திருங்கள். வழக்கமான சிகிச்சை நடந்த ஊர்களிலும் 3.9 குறைந்திருந்தது! அவர்களுக்குத்தான் எதுவும் கூடுதலாகச் செய்யவில்லையே? ஆய்வில் சேர்ந்ததாலும், தமக்கு நோய் இருப்பதை அறிந்ததாலும் சிலர் தாங்களாகவே கவனமாகியிருக்கலாம். ஒப்பிடும் குழு இல்லாமல் போயிருந்தால் 9 மில்லிமீட்டரும் தங்கள் சாதனை என்று ஆய்வாளர்கள் ஏமாந்திருப்பார்கள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ வைப்பது இதற்காகத்தான். பிற வேறுபாடுகளையும் கணக்கிட்ட பின்னர், புதிய ஏற்பாட்டால் கிடைத்த உண்மையான பலன் 5.2 மில்லிமீட்டர் என்று 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டது.

புதிய ஏற்பாடு நடந்த ஊர்களில் 53 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மற்ற ஊர்களில் 44 விழுக்காடு. மரண விகிதமும் முறையே 2.9, 4.3 விழுக்காடு என்று இருந்தது. ஆனால் இந்தக் கடைசி எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். மரணங்களின் எண்ணிக்கை சிறியது என்பதால், அந்த வேறுபாடு தற்செயலாகவும் அமைந்திருக்கலாம். நம்பிக்கை தரும் அறிகுறி என்று சொல்லலாம். நிரூபணம் என்று சொல்லக்கூடாது.

ஐந்து மில்லிமீட்டர் பெரிய விஷயமா?

அளவுகோலில் 5 மில்லிமீட்டரைப் பாருங்கள். விரல் நகத்தின் பாதிகூட இல்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும்.

48 ஆய்வுகளில் கலந்துகொண்ட 3 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2021ல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. மேல் எண் 5 மில்லிமீட்டர் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பெரும் பாதிப்புகள் சுமார் 10 விழுக்காடு குறைகின்றன என்பது அதன் முடிவு. ஒருவருக்கு இது சிறிய ஆதாயம். பல கோடிப் பேருக்கு என்று பெருக்கிப் பாருங்கள். பத்தில் ஒரு குடும்பம் தப்புகிறது.

செலவு? ஓராண்டில் ஒரு நோயாளிக்கு 11 அமெரிக்க டாலருக்கும் குறைவு என்று ஆய்வுக் குழு கணக்கிட்டது. நம் கணக்கில் ஏறத்தாழ 15 வெள்ளி. வார இறுதியில் ஒரு திரைப்பட நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் தொகை.

மாத்திரை சிறியது, பாதை நீளம்

வீட்டுக் கதவு வரை ஒருவர் வந்துவிட்டார். ஆனால் மருந்தகத்தில் மாத்திரை இல்லையென்றால் சங்கிலி அறுந்துபோகும். பல வகை மருந்துகளை வாங்கினால் ஒன்று இருக்கும்போது மற்றொன்று தீரும். அதனால் உலகச் சுகாதார நிறுவனம் எளிய வழி ஒன்றைப் பரிந்துரைக்கிறது. சில மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எதை முதலில் தருவது, குறையாவிட்டால் அடுத்து என்ன என்று படிப்படியாக எழுதிவைப்பது. எல்லா மருந்தகங்களும் அதையே பின்பற்றும்போது மருந்தை மொத்தமாக மலிவு விலையில் வாங்கலாம். தாதியரும் அதைப் பின்பற்ற முடியும்.

இந்தியாவில் 2017ன் இறுதியில் 5 மாநிலங்களில் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த வழியில் நடக்கிறது. அதில் பயன்படும் முக்கிய மருந்துகள் மூன்று. அம்லோடிபின், ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து, குழாயைத் தளர்த்துகிறது. டெல்மிசார்டன், குழாயைச் சுருக்கும் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. குளோர்தாலிடோன், உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளில் ஒரே வேலையைச் செய்கின்றன. எந்த நோயாளி இந்த மாதம் வரவில்லை என்பதைக் கைப்பேசிச் செயலி ஒன்று தாதிக்குக் காட்டும். அவர் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து வரச் சொல்வார்.

தமிழ்நாடு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், உயர் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. 2024ல் ஐக்கிய நாட்டு அமைப்பின் விருது ஒன்று இத்திட்டத்துக்குக் கிடைத்தது. உங்களில் பலருடைய தாத்தா பாட்டி அங்கே இருப்பார்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, மாத்திரை வீட்டுக்கு வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வருமுன் காப்பது

வந்த அழுத்தத்தைக் குறைப்பது ஒரு பக்கம். வராமல் தடுப்பது மறுபக்கம். உப்பிலிருந்து தொடங்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு உண்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலகச் சராசரியோ சுமார் 10.8 கிராம். ஓராண்டுக்குப் பெருக்கினால் ஒருவர் 4 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பைத் தின்கிறார். உப்பில் உள்ள சோடியம் ரத்தத்தில் அதிக நீரைத் தேக்கிவைக்கிறது. குழாயில் நீர் கூடினால் அழுத்தம் கூடும். இது இயற்பியல்.

நம்மைப் போன்ற நகரங்களில் பெருமளவு உப்பு உடனடி நூடல்ஸ், சாஸ், வெளி உணவு வழியாக வருகிறது. அங்கே தயாரிப்பாளர்களுக்கு விதிமுறை போடலாம். கிராமத்தில் உப்பு வருவது பெரும்பாலும் சமையல் பானை, ஊறுகாய், கருவாடு வழியாக. அங்கே எந்தச் சட்டமும் அடுப்படிக்குள் நுழைய முடியாது. சமைப்பவரிடம் உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர்தான் நுழைய முடியும். வீட்டு வருகையின் மதிப்பு இங்கே மீண்டும் தெரிகிறது.

சட்டத்தால் ஆகக்கூடியதும் நிறைய இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2005ல் நடப்புக்கு வந்தது. இலங்கையில் 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெற வேண்டும். எண்ணெய், கொழுப்பு வகைகளில், இதயத்துக்குக் கேடு தரும் செயற்கை ‘டிரான்ஸ்’ கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இந்தியா 2022ல் வரம்பு விதித்தது. புகையிலைக்கு வரி கூட்டினால் முதலில் கைவிடுபவர்கள் இளையர்கள், ஏழைகள். சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை அரசாங்கத்துக்கு மிக மலிவான நடவடிக்கைகள். ஆனால் விற்பனையாளர்களின் எதிர்ப்பைத் தாங்கும் துணிவு வேண்டும். மருந்தைவிட அதற்குத்தான் பல இடங்களில் தட்டுப்பாடு.

உங்கள் வீட்டுக் கதவு

பங்ளாதே‌ஷ் கிராமத்தில் கதவைத் தட்டியவர் மருத்துவர் அல்லர். அளக்கத் தெரிந்தவர், கேட்கத் தெரிந்தவர், மூன்று மாதம் கழித்து மறக்காமல் திரும்பி வந்தவர். அவ்வளவுதான். இந்த மூன்றையும் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் தம் வீட்டில் செய்ய முடியாதா? அலமாரியில் ரத்த அழுத்தக் கருவி தூசி படிந்து கிடக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனையோ. பாட்டி மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் தெரியாத வீடுகளும் உண்டு. “தலைசுற்றல் இல்லை, அதனால் நிறுத்திவிட்டேன்” என்று அவர் சொன்னால், அழுத்தத்தை உணர முடியாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒரு முறை அந்தக் கருவியை எடுத்துத் துடையுங்கள். அளவைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டை அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். அது மருத்துவரின் வேலை. மறக்காமல் மீண்டும் கேட்பது உங்கள் வேலை.

சரியாக அளக்க

* அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் காப்பி, தேநீர், புகைபிடித்தல், உடற்பயிற்சி வேண்டாம். கழிவறைக்குச் சென்றுவிட்டு வரலாம்.
* நாற்காலியில் சாய்ந்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். கால்மேல் கால் போடக்கூடாது.
* பட்டையைச் சட்டையின் மேல் கட்டாமல் வெறும் மேற்கையில் கட்டுங்கள். கை மேசையின்மீது, இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும்.
* அளக்கும்போது பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள்.
* ஒரு முறை அதிகமாகக் காட்டினால் பதற வேண்டாம். வேறு நாள்களிலும் அளந்து பாருங்கள். தொடர்ந்து அதிகமாக இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்வலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் உடனே 995ஐ அழையுங்கள்.

சிந்திக்க

1. கோப்ரா-பிபிஎஸ் ஆய்வில் வழக்கமான சிகிச்சை பெற்ற ஊர்களை அளக்காமல் விட்டிருந்தால், எந்தத் தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள்?
2. வீட்டு வருகை மட்டும் நடந்த கராச்சிப் பகுதிகளில் கூடுதல் பலன் கிடைக்காததற்கு நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்?
3. உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள மூன்று பொட்டலங்களை எடுத்து, ஒரு வேளைக்குரிய சோடிய அளவைப் பாருங்கள். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 5 கிராமில் அது எவ்வளவு பங்கு?